நோயில்லாத மானையும் ஏன் சுடுகிறார்கள்?

நார்வேயில் நூர்ஃபியெல்லா என்றொரு மலைப்பிரதேசம். மரம் முளைக்காத உயரம், பாறை, பாசி, பனி. அதன் ஒரு வட்டாரத்தில் இரண்டாயிரம் காட்டுப் பனிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் அட்டைகளில் வண்டி இழுக்குமே, அந்த ரெயிண்டீர் இனம்தான். 2018 கோடை வருவதற்குள் அங்கே ஒரு மான்கூட இல்லை. அரசே சுட்டுத் தீர்த்துவிட்டது. முதலில் வேட்டைக்காரர்களை அனுப்பியது. அவர்கள் விட்டதை அரசின் துப்பாக்கிக்காரர்கள் பனிவண்டியில் போய் முடித்தார்கள். செத்த மான்களின் தலைகளைச் சோதித்துக் கணக்குப் பார்த்தபோது, நோய் இருந்தது மொத்தம் 19 மான்களுக்கு.

19 மானுக்காக 2,000 மானா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்த நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த 19 என்ற எண் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அது சிறிய எண்ணாக இருந்ததால்தான் சுடுவதில் அர்த்தம் இருந்தது. ஐந்நூறாக இருந்திருந்தால், சுட்டும் பெரிய பயன் இருந்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

நோயின் பெயர் சி.டபிள்யூ.டி. தமிழில் மான் தேய்வு நோய் என்று சொல்லலாம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: மான் மெலிந்துகொண்டே போகும், எச்சில் ஒழுகும், காது தொங்கும், தலை தாழ்ந்து தள்ளாடும், மனிதரைக் கண்டாலும் ஓடாது. கடைசியில் சாகும். பிழைத்த மான் என்று ஒன்று கிடையாது. அமெரிக்கப் பத்திரிகைகள் 'ஜாம்பி மான்' என்று தலைப்புப் போடுவது இதைத்தான். பார்க்கப் பயங்கரம்தான், ஆனால் அந்தப் பட்டப்பெயர் ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்துவிடுகிறது. நோய்வாய்ப்பட்ட மான் தன் நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் நல்ல கொழுத்த, துள்ளும் மானாகத்தான் இருக்கும். தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். அதற்கு வெகு முன்பே எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் நோயை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

முதன்முதலில் இதைக் கவனித்தது 1967இல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கொட்டடியில். அடைத்து வளர்த்த மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து செத்தன. தீவனக் குறைபாடு, மன அழுத்தம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார்கள். 1970களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோயியல் வல்லுநர் அந்த மான்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, கடற்பஞ்சு போலத் துளைகள் விழுந்திருப்பதைக் கண்டார். செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பியும், பின்னாளில் இங்கிலாந்தை உலுக்கிய பைத்திய மாட்டு நோயும் இதே குடும்பம். 1981இல் கொலராடோவில் காட்டில் திரிந்த எல்க் என்ற பெரிய வகை மான் ஒன்றிடமும் நோய் தென்பட்டது. இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனடாவிலும் உண்டு.

இதற்குக் காரணம் வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிரியான் என்ற ஒரு புரதம். நம் உடம்பிலும் மான் உடம்பிலும் அந்தப் புரதம் இயல்பாகவே இருக்கிறது. சரியான மடிப்பில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. மடிப்பு மாறிய ஒரு புரதம் உள்ளே நுழைந்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடும். அது அடுத்ததை. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குண்டான் பாலைத் தயிராக்குவது போல. தயிரைத் திரும்பப் பாலாக்க முடியாது, இதையும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் மட்டும்: உறைமோரில் உயிருள்ள கிருமி இருக்கிறது, கொதிக்க வைத்தால் சாகும். பிரியானில் உயிரே இல்லை. உயிரில்லாததைக் கொல்வது எப்படி? சமைத்தால் போகாது. வழக்கமான கிருமிநாசினிக்கு மசியாது. மரபணு எதுவும் இல்லாத வெறும் புரதம் நோயைப் பரப்பும் என்று சொன்னபோது விஞ்ஞான உலகம் முதலில் நம்பவில்லை. அதைச் சொன்ன ஸ்டான்லி புரூசினருக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி இல்லை. மருந்தும் இல்லை.

அரசுகளுக்கு இதைவிடப் பெரிய தலைவலி மண். செத்த மானின் உடலிலிருந்தும் சாணத்திலிருந்தும் பிரியான் மண்ணில் இறங்கி, களிமண் துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. கொலராடோவில் ஒரு சோதனை செய்தார்கள். நோயில் செத்த மான் கிடந்து மக்கிப்போன பட்டியில், ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, நோயில்லாத மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்கு நோய் தொற்றியது. அதாவது மானை எல்லாம் அகற்றிய பிறகும் இடம் நோயை வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொன்னால் வித்தியாசம் புரியும். 1924இல் கலிஃபோர்னியாவில் கோமாரி நோய் பரவியது. நம் ஊர் மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அதே வாய்க்கோமாரி, கால்கோமாரிதான். மாடுகளிலிருந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஸ்டானிஸ்லாஸ் காட்டு மான்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. அரசு ஆட்களை விட்டு 22,000க்கும் மேற்பட்ட மான்களைக் கொன்றது. அவற்றில் பத்தில் ஒன்றுக்குத்தான் நோயின் தடயம் இருந்தது. கொடூரமான வேலை, ஆனால் பலித்தது, நோய் ஒழிந்தது. கோமாரி வைரஸ், தொற்ற ஆள் கிடைக்காவிட்டால் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். நோய் வந்தால் சில நாட்களிலேயே வாயிலும் குளம்பிலும் தெரிந்துவிடும். சி.டபிள்யூ.டி.யிடம் இந்த இரண்டு சௌகரியமும் இல்லை: சீக்கிரம் தெரியாது, தானாக அழியாது. கையில் இருப்பதோ நூறு ஆண்டுக்கு முன்பு இருந்த அதே துப்பாக்கி.

அரசு செய்யக்கூடியதில் முதல் வேலை, நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. உயிரோடு இருக்கும் காட்டு மானைப் பிடித்துச் சோதிப்பது பெரும்பாடு. அதனால் வேட்டையில் விழுந்த மானின் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் மூளைத்தண்டையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். இதில் ஒரு எளிய கணக்கு உண்டு. 300 மான்களைச் சோதித்து ஒன்றில்கூட நோய் இல்லையென்றால், "இங்கே நோய் இல்லை" என்று சொல்ல முடியாது. "இருந்தாலும் 100க்கு ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்றுதான் சொல்ல முடியும். 3,000 மானைச் சோதித்தால் அது 1,000க்கு ஒன்று என்று இறங்கும். பத்தாயிரம் மான் இருக்கும் காட்டில் 1,000க்கு ஒன்று என்றாலும் பத்து மான். ஆகவே முதல் நோய்மான் கையில் கிடைக்கும்போது நோய் வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது அதுதான். 2001 நவம்பரில் வேட்டைக்காரர்கள் சுட்ட மான்களில் மூன்றுக்கு நோய் இருப்பதாக 2002 பிப்ரவரி இறுதியில் மாநில அரசு அறிவித்தது. இடம் மவுண்ட் ஹோரெப் என்ற சிற்றூர்ப் பக்கம். அதுவரை நோய் மிஸ்ஸிசிப்பி ஆற்றுக்கு மேற்கேதான் இருந்தது. அரசு பதறிப்போய் ஓர் ஒழிப்பு வட்டாரத்தை வரைந்தது. கொஞ்ச காலத்தில் அது 411 சதுர மைலாக, அதாவது ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. அதற்குள் இருக்கும் வெண்வால் மான்களைக் கூடுமானவரை இல்லாமல் ஆக்குவது திட்டம்.

இங்கே நம் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். நம் நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு புள்ளிமானைத் தொட்டாலே வழக்கு. அங்கே எப்படி? அமெரிக்காவில் காட்டு விலங்கு எவருக்கும் சொந்தமில்லை, மக்களின் சார்பில் மாநில அரசு அதற்குப் பொறுப்பு. ஆனால் மான் நிற்கும் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நிலக்காரர் வேலியைத் திறக்காவிட்டால் அரசின் துப்பாக்கி உள்ளே போக முடியாது. போதாக்குறைக்கு, வனவிலங்குத் துறைக்குப் பணம் வருவதே பெரும்பாலும் வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் விதிக்கும் வரியிலிருந்தும்தான். ஆக, சுடும் ஆளும் வேட்டைக்காரர், படியளப்பவரும் வேட்டைக்காரர். அவர் முகம் சுளித்தால் துறையே ஆட்டம் காணும்.

முகம் சுளித்தார்கள். தாத்தா காலத்திலிருந்து நவம்பரில் குடும்பத்தோடு மான்வேட்டைக்குப் போகும் ஊர் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நோய்க்காக, அடுத்த ஆண்டு பார்க்க மானே இல்லாமல் செய் என்றால் யார் கேட்பார்கள்? அந்த ஆண்டு உரிம விற்பனை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சரிந்தது. பல நிலக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கிளைக்கொம்புள்ள ஆண் மானைச் சுட வேண்டுமானால் முதலில் ஒரு பெண்மானைச் சுட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. மான் எண்ணிக்கையைக் குறைக்க நல்ல விதி. பெண்மான்தானே குட்டி போடும். ஆனால் அரசு செய்ததிலேயே மக்கள் அதிகம் வெறுத்தது இதைத்தான். 2011இல் சட்டமன்றமே அதை நீக்கிவிட்டது. அதற்குள், 2006இல் மாநிலத் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்துப் பார்த்து, மூன்று கோடி டாலருக்கு மேல் செலவான பிறகும் ஒழிப்பு வட்டாரத்தில் மான் குறையவில்லை என்று சொல்லியிருந்தது. 2007இல் அரசின் துப்பாக்கிக்காரர்கள் நிறுத்தப்பட்டார்கள். இன்று தென்மேற்கு விஸ்கான்சினின் சில பகுதிகளில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறது.

இதை "அரசு மான்களைக் கொன்றும் நோய் நிற்கவில்லை" என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மருந்தை முழுக்க விழுங்காமல் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது போல அது. மான் குறையவே இல்லையே! எல்லைக்குத் தெற்கே இலினாய் மாநிலத்தில் அதே 2002இல்தான் நோய் தெரிந்தது. அவர்கள் பெரிய வட்டாரம் எதையும் வரையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வேட்டைக்காலம் முடிந்ததும், எந்த இடத்தில் நோய்மான் கிடைத்ததோ அந்தச் சிறு துண்டு நிலத்துக்கு மட்டும் அரசின் துப்பாக்கிக்காரர்கள் பனிக்காலக் கடைசியில் போனார்கள். இரை போட்டு வரவைத்துச் சுட்டார்கள். சத்தமில்லாமல், ஆண்டு தவறாமல். பத்து ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் இரண்டு மாநிலங்களையும் ஒப்பிட்டபோது, இலினாயில் நோய் விகிதம் 1 சதவீதத்தை ஒட்டியே நின்றிருந்தது. விஸ்கான்சினில், சுடுவதை நிறுத்திய 2007க்குப் பிறகு, ஏறிக்கொண்டே போனது.

துண்டு துண்டாகச் சுடுவது ஏன் பலிக்கிறது? பெண்மான்கள் தாய், மகள், பேத்தி என்று குடும்பமாக வாழ்பவை. ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், ஒரே இடத்தில் மேயும். காட்டில் மொத்த மான் பாதியாகக் குறைந்தாலும் இந்தக் குடும்பத்துக்குள் இருக்கும் நெருக்கம் குறையாது. அதனால் பரவலாகச் சுடுவதைவிட, நோய்மான் கிடைத்த இடத்தில் அதன் சொந்தபந்தங்களை எடுப்பது அதிகப் பயன் தருகிறது. ஆண் மான்கள் வேறு ரகம். இணை தேடி நெடுந்தூரம் சுற்றும். வளர்ந்த ஆண்களிடம் நோய் விகிதம் பெண்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு. வேட்டைக்காரர்கள் சுவரில் மாட்ட ஆசைப்படுவதும் வயதான, பெரிய கொம்புள்ள ஆணைத்தான். அது வளரட்டும் என்று சின்ன ஆண்களைச் சுடாமல் விடுவார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்து வளரவிடும் மானிடம்தான் நோய் போய் உட்கார்ந்திருக்கிறது.

துப்பாக்கி இல்லாத வேலைகளும் உண்டு. மானுக்குத் தீனி வைப்பதையும் உப்புக்கட்டி வைப்பதையும் தடை செய்வது அதில் ஒன்று. பத்து மான் ஒரே கல்லை நக்கினால் பத்து எச்சிலும் ஒரே இடத்தில். நார்வேயில் செம்மறிகளுக்காக மேய்ப்பர்கள் வைத்த உப்புக்கல்லைப் பனிமான்களும் தேடி வந்து நக்கும், அதனால் அந்த இடங்கள் மீது அதிகாரிகளுக்கு ஒரு கண். சுட்ட மானை முழுசாக ஊர் தாண்டி எடுத்துப்போகக் கூடாது, எலும்பு நீக்கிய இறைச்சியும் சுத்தம் செய்த கொம்பும்தான் போகலாம் என்பது இன்னொரு விதி. தலையும் முதுகெலும்பும் நோயின் கிடங்கு, எங்கே போய் விழுகிறதோ அந்த மண்ணும் கெடும். இவற்றை எல்லாம் மீறி நோயை ஆயிரம் மைல் தாவவைக்கும் சாதனம் லாரி. வேலிக்குள் மான் வளர்த்து விற்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு தொழில். தென்கொரியாவுக்கு இந்த நோய் போனதே கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் வழியாகத்தான். பல மாநிலங்களில் வேலிக்கு உள்ளே இருக்கும் மான் வேளாண்மைத் துறையின் பொறுப்பு, வெளியே இருப்பது வனவிலங்குத் துறையின் பொறுப்பு. நடுவில் இருக்கும் கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் மூக்கை வைத்து முகர்ந்துகொள்ளும் மான்களுக்கு இந்தத் துறைப் பிரிவினை தெரியாது.

வெற்றிக் கதை வேண்டுமென்றால் நியூயார்க். 2005 வசந்தத்தில் ஒனைடா மாவட்டத்தில் வேலிக்குள் இருந்த மான்களிடம் நோய் தெரிந்தது. உடனே அந்த மந்தைகளை அழித்து, சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான காட்டு மான்களைச் சுட்டுச் சோதித்தார்கள். இரண்டுக்கு நோய் இருந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலம், ஆயிரக்கணக்கான காட்டு மான்களைச் சோதித்தும் அந்த மாநிலக் காட்டில் நோய் அகப்படவில்லை. இன்னொரு விஷயம்: முதலில் நோய் தெரிந்த மான்களில் ஒன்றின் இறைச்சி, சோதனை முடிவு வருவதற்குள் ஊரில் நடந்த விருந்தில் பரிமாறப்பட்டுவிட்டது. சாப்பிட்டவர்களில் சம்மதித்தவர்களைச் சுகாதாரத் துறையினர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். யாருக்கும் அந்த நோய் வந்ததாகத் தெரியவில்லை. இன்றுவரை எந்த மனிதருக்கும் மானிடமிருந்து இது வந்ததாக உறுதியாகவில்லை. அப்புறம் ஏன் எச்சரிக்கை என்றால், பைத்திய மாட்டு நோய் பற்றியும் 1996 வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் மனித வடிவத்தால் பிரிட்டனில் 170க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதனால் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆலோசனை.

சும்மா விட்டுவிட்டால்தான் என்ன, இயற்கை பார்த்துக்கொள்ளாதா? இதுவும் கேட்கப்படும் கேள்விதான், அபத்தமான கேள்வி இல்லை. மலைச்சிங்கம் எனப்படும் பூமாக்கள் நோய்மானைத் தேர்ந்து அடிக்கின்றன என்று கொலராடோவில் கண்டிருக்கிறார்கள். ஆனால் விட்டுவைத்த இடத்தில் என்ன ஆகிறது என்பதற்கு பக்கத்து வயோமிங் மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. நோய் நெடுங்காலமாக வேரூன்றிய ஒரு மாவட்டத்தில் வெண்வால் மான் கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்ற கணக்கில் குறைந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான். யாரும் பதறாத வேகத்தில்.

நார்வேக்காரர்கள் அந்த வேகத்துக்குக் காத்திருக்க விரும்பவில்லை. 2016 மார்ச்சில் ஹெலிகாப்டரில் போய் பனிமான்களுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் கண்ணெதிரே ஒரு பெண்மான் செத்து விழ, அதைச் சோதனைக்கு அனுப்பியதில்தான் ஐரோப்பாவின் முதல் சி.டபிள்யூ.டி. வெளிப்பட்டது. இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தைக் காலி செய்து, குறைந்தது ஐந்து ஆண்டாவது மான் இல்லாமல் கிடக்கட்டும் என்று தரிசு போட்டார்கள். 2020 செப்டம்பரில், தெற்கே இருக்கும் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் சுடப்பட்ட ஓர் ஆண் பனிமானுக்கு நோய் இருப்பது தெரிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டுப் பனிமான் கூட்டம் அங்கே இருப்பதுதான். இந்த முறை முழுக் கூட்டத்தையும் சுட யாருக்கும் மனம் வரவில்லை. ஆண் மான்களைக் குறைக்கலாம் என்று தொடங்கினார்கள். நூர்ஃபியெல்லாவில் 19 என்ற எண்ணைக் கண்டு சிரித்தவர்களும் அழுதவர்களும் ஹார்டாங்கர்விடாவின் ஒன்று, இரண்டு என்ற எண்களைப் பார்த்துக்கொண்டு இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

விஸ்கான்சினிலோ வாதம் ஓய்ந்து, வழக்கமாகிவிட்டது. நவம்பர் வந்தால் சாலையோரம் ஆளில்லாத சிறு பெட்டிக்கூடுகள். மானைச் சுட்டவர் தலையைக் கழுத்தோடு அறுத்துப் பையில் கட்டி, எங்கே சுட்டது என்று சீட்டு எழுதி உள்ளே போட்டுவிட்டுப் போகிறார். இறைச்சியைத் துண்டுபோட்டு, எந்த மானுடையது என்று எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் வைத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்கிறார்.